வெயிலில் ஒழுகிய கூரை

பிலிப்பைன்ஸில் ஒரு கடலோரச் சிற்றூர். முப்பது வருஷம் அங்கே கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த எஃப்ரேன், அந்த வருஷம்தான் கவுன்சிலராகியிருந்தார். புயல் வந்தால் ஜனங்கள் ஒதுங்குவது மைதானத்துத் தகரக் கூரைக்குக் கீழேதான். கூரை நெடுக மேயர் புன்சலானின் பெயர் ஆளுயர எழுத்தில் இருந்தது. போன புயலில் கூரை ஒழுகி, நனைந்து கிடந்த லிகாயா என்ற பெண்ணின் கைக்குழந்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது.

கூரையை மாற்றச் சொல்லி எஃப்ரேன் சபையில் எழுந்தார்.

"என் கூரை ஒழுகாது, கோச். ஒழுகினால் இந்த வாரமே காட்டுங்கள். இல்லையென்றால் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்," என்றார் மேயர்.

அது ஏப்ரல் மாதம். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது.

"காட்டுகிறேன், மேயர். அடுத்த சபைக் கூட்டத்தை மட்டும் அந்தக் கூரைக்குக் கீழே உச்சிவேளையில் வையுங்கள்."

வைத்தார்கள். ஊரே வந்து சுற்றி உட்கார்ந்தது. கூரை ஓட்டை வழியாக வெயில் மேயரின் கண்ணில் குத்தியது. நாற்காலியை நகர்த்தினார். அங்கே உச்சந்தலையில் விழுந்தது. மறுபடி நகர்த்தினார். ஆட்டக்காரர்களுக்கு இடம் குறித்துக்கொடுக்கும் சாக்பீஸால், அவர் விட்டுப்போன இடத்திலெல்லாம் வட்டம் போட்டபடி எஃப்ரேன் பின்னாலேயே போனார்.

ஐந்தாவது வட்டத்தில் மேயருக்குப் பொறுமை போயிற்று. "இங்கே ஒழுங்காக உட்கார ஒரு இடம்கூட இல்லையா?"

எஃப்ரேன் நிமிர்ந்தார். "நீங்கள் நகர்ந்துகொள்கிறீர்கள், மேயர். புயலன்று நானூறு பேர். நகர இடமில்லை."

லிகாயா எழுந்து வந்து மூன்றாவது வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். புயலன்று குழந்தையோடு அவள் கிடந்த இடம் அது.

கூரையை மாற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட மேயர் பேனா கேட்டார்.