ஒரு மட்டைத் தலை தூரம்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்த வழக்கைக் கேட்கலாம். அவசரப்படாமல் கேட்கவேண்டும். இதுவரை அவசரப்பட்டவர்கள் எல்லாரும் தவறான ஆளைத்தான் பிடித்தார்கள்.

நீலகிரி மலையில் ஒரு கோல்ஃப் மைதானம். பெண்களின் தொழில்முறைப் போட்டிகளில் அந்த வருஷத்தின் கடைசிப் போட்டி, கடைசி நாள், கடைசிக் குழி. வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடிச் சேர்த்த புள்ளிகளில் யசோதராவும் பிரமிளாவும் தோளோடு தோள் நின்றார்கள். இன்றைக்கு யார் முந்துகிறாளோ அவளுக்குத்தான் வருஷத்தின் முதலிடம். முதலிடத்துக்கு மட்டும் வெளிநாட்டில் போய் ஆட ஓர் அழைப்பு உண்டு. இரண்டாவதாக வருகிறவளுக்குக் கைதட்டல் உண்டு.

யசோதரா கோயம்புத்தூர்க்காரி, முப்பத்தாறு வயது. பதினான்கு வருஷ ஆட்டத்தில் மூன்று தடவை இரண்டாமிடம். முதலிடத்தை எட்டித் தொட்டதில்லை. இடது முழங்கால் எப்போதோ மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது என்பது அவளுக்கும் அவளுடைய டாக்டருக்கும் மட்டும் தெரியும். பிரமிளா கோத்தகிரிப் பெண், இருபத்திரண்டு. அவளுக்கு வருஷங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. காலையிலிருந்தே யசோதராவின் மனசு ஓரிடத்தில் உட்காரவில்லை. கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதும், மறுபடி கழற்றுவதுமாக இருந்தாள்.

அவர்களோடு மூன்றாவதாக ஆடியவள் ரோஸ்லின். எந்தப் பரிசுக்கும் எட்டாத தூரத்தில் இருந்ததால் அவள் நிம்மதியாக இருந்தாள்.

"சட்டுனு முடிங்கடி ரெண்டு பேரும். பசி உயிர் போகுது."

"உனக்கென்ன, பத்தாவது குழியிலயே நீ சாப்பிடப் போயிருக்கலாம்," என்றாள் யசோதரா.

குழியைச் சுற்றி ஒட்ட மழித்த புல்தரை. பந்து அங்கே வந்து நின்றதும், அது இருந்த இடத்தில் ஒரு காசை வைத்துவிட்டுப் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காசு அடுத்தவள் பந்து உருளும் வழியில் கிடந்தால், அவள் கேட்டுக்கொண்டபடி, மட்டைத் தலையின் அகலத்துக்கு அதைத் தள்ளி வைக்கவேண்டும். தன் முறை வரும்போது பழைய இடத்துக்கே திருப்பி வைக்கவேண்டும். மறந்துபோய், தள்ளி வைத்த இடத்திலிருந்து அடித்துவிட்டால், தண்டமாக அவள் கணக்கில் இரண்டு அடி கூடும்; குறைந்த அடியில் முடிப்பவளுக்குத்தானே வெற்றி. அடிப்பதற்கு முன் நினைவு வந்து திருத்திக்கொண்டால் ஒன்றுமில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தி பந்தின் முன்னால் மட்டையை ஊன்றி நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவள் தும்மலைக்கூட விழுங்கிக்கொள்ளவேண்டும்.

"பிரமி, காசைக் கொஞ்சம் தள்ளி வை கண்ணு. என் வழியில கிடக்குது."

"சரிங்க்கா." பிரமிளா மட்டைத் தலையின் அகலத்துக்குக் காசை நகர்த்தி வைத்தாள்.

யசோதரா உருட்டினாள். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. இன்னொரு தட்டில் முடித்தாள். பதினேழு குழி வரைக்கும் இருவரும் சமம்; இந்தப் பதினெட்டாவதிலும் புல்தரைக்கு வந்து சேர்ந்தது சம அடியில்தான். இப்போது பிரமிளா ஒரே உருட்டில் போட்டுவிட்டால், ஓர் அடி வித்தியாசத்தில் எல்லாம் அவளுக்கு.

பிரமிளா வந்தாள். காசு கிடந்த இடத்தில் பந்தை வைத்தாள், காசைப் பைக்குள் போட்டாள். சரிவை உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், மட்டையை ஊன்றி நின்றாள். அப்போதுதான் யசோதராவுக்குச் சுரீரென்று உறைத்தது. காசு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை! நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கினாள். பேசக்கூடாத நேரம்.

கூட்டத்தில் யாருடைய போனோ அலறியது. பிரமிளா பந்தை விட்டு நாலடி விலகி வந்து, உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துப் பேசிருங்கண்ணா, வீட்டுல தேடறாங்க," என்றாள். கூட்டம் சிரித்தது. அந்த மனிதர் தடுமாறித் தடுமாறி போனை அணைத்தார். அவள் மறுபடி போய் நின்றாள், உருட்டினாள். பந்து குழிக்குள் விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்து, அடிக்கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போடும் கூடாரத்துக்கு மூவரும் நடந்தார்கள். வாசலில் யசோதரா நின்றுவிட்டாள்.

"பிரமி, நீ காசைத் திருப்பி வைக்கலை."

பிரமிளாவின் முகம் வெளுத்தது. பைக்குள் கிடந்த காசைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமாங்க்கா. வைக்கலை." உள்ளே போய் நடுவரிடம் தானே சொல்லி, இரண்டு அடியைத் தன் கையாலேயே சீட்டில் ஏற்றினாள். திரும்பி வந்து கேட்டாள்: "நீங்க எப்பக்கா பார்த்தீங்க?"

"நீ மட்டையை ஊன்றி நின்னப்புறம்தான்."

"அப்ப எப்படிப் பேசறது? விடுங்க்கா." யசோதராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோஸ்லின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவ பந்தை வைக்கும்போதே நான் பார்த்தேன். தள்ளி வைக்கச் சொன்னவளே சொல்லுவான்னு இருந்துட்டேன்."

"வாயில என்ன கொழுக்கட்டையாடி வெச்சிருந்தே?" என்று சீறினாள் யசோதரா.

ஓர் அடி வித்தியாசத்தில் முதலிடம் யசோதராவுக்கு வந்தது.

மறந்தவள் ஒருத்தி. இன்னொருத்தி சொல்லுவாள் என்று சும்மா இருந்தவள் ஒருத்தி. பேசக்கூடாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, கையெழுத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்னவள் ஒருத்தி. இந்த மூவரில் குற்றம் யாருடையது?

விடை: பிரமிளா மறந்தாள், அதற்கான தண்டத்தையும் முகம் சுளிக்காமல் ஏற்றாள். அவள் பாக்கி தீர்ந்தது. ரோஸ்லினைத் திட்டலாம், சோம்பேறி. ஆனால் அவள் பேசாமல் இருந்ததால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. யசோதரா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் போன் அலறியபோது பிரமிளா பந்தை விட்டு விலகி வந்தாளே, கூட்டமே சிரித்துக்கொண்டிருந்ததே? "கண்ணு, காசு" என்று இரண்டு சொல் போதும். முதலில் அவள் வாயை மூடியது மரியாதை. பிறகு மூடியே வைத்திருந்தது ஆசை. குற்றம் அவளுடையதுதான். அடுத்தவள் தவறைத் தடுத்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லாததால் அவளை யாரும் கேட்க முடியாது. அழைப்பு அவளுக்கே வந்தது. வழியனுப்ப விமான நிலையம் வரைக்கும் போனவள் பிரமிளா ஒருத்திதான்.