சமையலுக்கு ஆள் எடுத்த செங்கோடன்

பி.காம். முடித்து மூன்றாவது ஆடியும் வந்துவிட்டது. செங்கோடனுக்கு வேலை மட்டும் வரவில்லை. போய்ப் பார்க்காத கம்பெனி இல்லை. "சொல்லி அனுப்புகிறோம்" என்றவர்கள் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. மலையடிவாரத்து மடத்தில் குன்றடிச் சாமியின் முன்னால் உட்கார்வதுதான் இதுவரை அவனுக்கு நிரந்தரமாகக் கிடைத்திருந்த ஒரே இடம்.

அன்றும் வந்து உட்கார்ந்தான்.

"சாமி, நாளைக்கு நூல் மில்லுல இன்டர்வியூங்க. இதுவும் போச்சுன்னா மாமன் சிமெண்டுக் கடைக்கு அனுப்பிருவேன்னு அப்பா சொல்லிட்டாருங்க. அந்தப் புழுதியிலயே என் காலம் முடிஞ்சுருமுங்க. எங்கிட்ட அப்படி என்னதான் கொறைங்க?"

சாமி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"சமையல்காரன் மக பிரசவத்துக்குப் போயிட்டான். அந்த வேலைக்கு இன்னிக்கு ஆளுக வருவாங்க. நீயே பார்த்து ஒருத்தன எடு. அவன் சமைச்சாத்தான் நமக்குச் சோறு."

"நானுங்களா?"

"உன்னளவுக்கு இன்டர்வியூ பார்த்தவன் இங்க யாரு இருக்கா?"

செங்கோடனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மடத்தில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டான். எதிரே உட்கார நாற்காலி இல்லையே என்பதில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

முதலில் வந்தவரிடம், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றான். அவர் தாத்தா காலத்திலிருந்து தொடங்கினார். அவர் பிறப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

இரண்டாமவரிடம், "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?" என்றான்.

"இங்க இருக்க மாட்டேனுங்க" என்றார் அவர். அப்போதே கிளம்பியும் விட்டார்.

மூன்றாமவர் பெரிய ஓட்டலில் இருந்தவராம். தான் செய்த பிரியாணி, பரோட்டா, நெய்ச்சோறு எல்லாவற்றையும் செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது. "சொல்லி அனுப்பறோம்" என்று அவரை அனுப்பிவைத்தான்.

கடைசியாக நல்லப்பன் என்று ஒருவன் வந்தான். கேள்வி கேட்கச் செங்கோடன் வாயைத் திறந்தான். பசியில் கொட்டாவிதான் வந்தது.

"ஏனுங்ணா, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது? இன்னும் சாப்பிடலீங்களா?"

"இல்லப்பா."

"அடுப்படி எங்கீங்க?"

செங்கோடன் கையை நீட்டிக் காட்டினான்.

நல்லப்பன் ஆக்கிப் போட்ட சோறு குழைந்திருந்தது. ரசத்தில் உப்பு தூக்கல். செங்கோடன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். சாமியும் சளைக்கவில்லை.

"பையனுக்கு முன் அனுபவம் உண்டா?" என்றார் சாமி, விரலை நக்கிக்கொண்டே.

"கேக்க மறந்துட்டேனுங்க."

மறுநாள் பொழுது சாயும் நேரம் செங்கோடன் ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"சாமி, வேலை கெடைச்சிருச்சுங்க! திங்கக்கெழமையே வரச் சொல்லிட்டாங்க!"

"என்ன கேட்டாங்க?"

"என்னைப் பத்திச் சொல்லச் சொன்னாருங்க மேனேஜர். ரெண்டு வருஷமா மனப்பாடம் பண்ணி வச்சிருந்ததச் சொல்லத்தான் போனேன். ஆனா, மேசை மேல அவரு மூஞ்சி மறையற அளவுக்கு பில்லுங்க. ராத்திரி தூங்காத கண்ணுங்க. வாய் தவறி, 'ஏனுங்க சார், இத்தனையும் நீங்க ஒருத்தரேவா பாக்கறீங்க?'ன்னு கேட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க. மனுசன் அரை மணி நேரம் மூச்சு விடாம அவரு படற பாட்டைச் சொல்லித் தீத்தாரு. 'பாதிய இங்க தள்ளுங்க சார், பாக்கறேன்'னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். பொழுது போனதே தெரியலீங்க."

"முன் அனுபவம் கேட்டாரா?"

"கேக்க மறந்துட்டாருங்க."

சொன்ன பிறகுதான் செங்கோடனுக்கே ஏதோ உறைத்தது. தலையைச் சொறிந்தான்.

"அதெப்படீங்க சாமி, அத்தனை பெரிய மேனேஜர் அதைப் போயி மறப்பாரு?"

அடுப்படிப் பக்கமிருந்து ரச வாசனை வந்தது. சாமி இலையை விரித்துப் போட்டார்.

"அவருக்கும் பசிச்சிருக்கும்."