போர்வை ஏறி இறங்கியது

“அவர் உயிரோடு இருந்தாரா, மதர்? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.”

கேட்டவர் ஹெஸ்லப். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முப்பத்தொன்பது ஆண்டுகள் உறுப்பினர். அதில் இருபத்திரண்டு ஆண்டுகள் கட்சிக் கொறடா. வாக்கெடுப்பு மணி அடித்தால் எட்டு நிமிடத்துக்குள் தன் கட்சிக்காரர்களை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது.

மதர் ஹில்டா அவரைவிட இருபது வயது இளையவர். வடக்குக் கடலோரத்தில், மூடுபனி விலகாத மேட்டின் மேல், பதினொரு கன்னியர் வாழும் மடத்தின் தலைவி.

“யார் அவர்?”

“ஓல்ட்ராய்ட். என் கட்சிக்காரர். படுத்த படுக்கையாகக் கிடந்தார். அன்றைக்கு ஒரே ஓட்டில் அரசு நிற்கும், இல்லையென்றால் விழும். அவர் மனைவி மேவிஸுக்கு நானே போன் செய்தேன்.”

“என்ன சொன்னீர்கள்?”

“சபைக்குள் வர வேண்டாம், ஆம்புலன்ஸில் முற்றம் வரை வந்தால் போதும் என்றேன். கொறடா போய்ப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று தலையசைத்தால் ஓட்டு சேர்ந்துவிடும். அது எங்கள் வழக்கம்.”

“விசித்திரமான வழக்கம்.”

“பழைய வழக்கம்.”

“எங்களிடமும் அப்படிச் சில உண்டு” என்றார் மதர். “போய்ப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன். போர்வை ஏறி இறங்கியது. தலையசைத்தேன். எதிர்க்கட்சிக் கொறடா என் சொல்லை நம்பிப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். ஒரே ஓட்டில் ஜெயித்தோம்.”

“அவருடன் யாரும் இல்லையா?”

“ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.”

“அப்புறம்?”

“வண்டி வீடு போய்ச் சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. எப்போது போனார் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.”

ஹெஸ்லப் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“இருபத்தேழு வருடம் மேவிஸ் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் இது வந்தது.”

மதர் வாங்கிப் படித்தார்.

‘நீங்கள் கேட்டதால்தான் அவரை அனுப்பினேன். நீங்கள் பார்த்தபோது அவர் இருந்தாரா? எனக்கு இனி அதிக நாள் இல்லை.’

“பதில் எழுதினீர்களா?”

“இருந்தார் என்று மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் கிழித்துவிட்டேன்.”

மதர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

“இன்று தங்குங்கள். இங்கே கொறடா வேலை காலியில்லை. ஓட்ஸ் கஞ்சி உண்டு.”

காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. கண் திறக்கும் முன்பே ஹெஸ்லப் எழுந்து நின்றிருந்தார். பழைய பழக்கம்.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

சிஸ்டர் வினிஃப்ரெட் கதவைத் தட்டினார்.

“மதர் ஜெபத்துக்கு வரவில்லை. யாராவது வராவிட்டால், ஒருவர் போய்ப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் இங்கே மணியை நிறுத்தி ஜெபம் தொடங்குவோம். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இதில் பழகியவர் என்று மதர் சொன்னார்.”

நடைவழியின் கோடியில் மதரின் அறை. கதவு பாதி திறந்திருந்தது.

குறுகிய கட்டில். தலை வரை இழுத்துவிட்ட சாம்பல் நிறப் போர்வை.

ஹெஸ்லப் நிலைச்சட்டத்தில் கை வைத்து நின்றார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கோயிலில் காத்திருந்த யாரும் இருமக்கூட இல்லை.

போர்வை ஏறியது. இறங்கியது.

அவர் சிஸ்டர் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

சிஸ்டர் கோயில் பக்கம் கை காட்டினார். மணி நின்றது.

“ஓட்டு எண்ணியாயிற்றா?”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மதர் ஹில்டா நின்றிருந்தார். முக்காட்டில் பனித்துளிகள்.

ஹெஸ்லப் அவரைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

போர்வை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“மூச்சு வருகிறது, மதர்” என்றார் மெதுவாக. “எனக்குத் தெரிகிறது.”

“அப்படியா?”

மதர் வழிவிட்டு ஒதுங்கினார்.

வாசற்படி உயரமில்லை. அதைத் தாண்ட ஹெஸ்லப்புக்கு வெகுநேரம் ஆயிற்று. நான்கு அடி நடந்தார். போர்வையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

அசைவு இல்லை. சில்லென்றிருந்தது.

விலக்கினார். இரண்டு வைக்கோல் மூட்டைகள்.

“பேனா மேசையில் இருக்கிறது” என்றார் மதர்.

ஹெஸ்லப் உட்கார்ந்தார். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

‘அன்புள்ள மேவிஸ், நான் வண்டிக்குள் ஏறவே இல்லை.’