சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று

"என்னோட திருத்தத்தை ஏம்மா திருப்பி அனுப்பினீங்க?"

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே இன்னாசிமுத்து கேட்டுவிட்டார்.

திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அது. கண் தெரியாதவர்களுக்குத் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைச் சம்பளம் வாங்காத நாலைந்து பேர் ஞாயிறுதோறும் அங்கே கூடிச் சீர்செய்து வந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் ஹசீனாவின் கையில்.

அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். இன்னாசிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. கல்லூரியில் வேதியியல் வாத்தியார். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது போன வருடம்தான்.

அந்த மென்பொருள் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை விழுங்கிவிடும். ஏன் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். வரிகளை எண்ணும் இடத்தில் யாரோ தேவையில்லாமல் ஒன்றைக் கழித்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டார்.

அவருடைய முதல் திருத்தம். இது தேறாவிட்டால் இந்த ஆசையையே மூட்டை கட்டிவிடுவது என்று இருந்தார்.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். நல்லா ஓடுது."

"அப்புறம் என்ன?"

ஹசீனா கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்க திருத்தம் எதுன்னு காட்டுங்க."

நீக்கிய வரி சிவப்பில் தெரியும். சேர்த்த வரி பச்சையில் தெரியும்.

இன்னாசிமுத்து திரையை உருட்டினார். சிவப்பு, பச்சை. இன்னும் உருட்டினார். மேலிருந்து கீழ்வரை சிவப்பும் பச்சையும்தான்.

எல்லாம் அவர் செய்ததே. கோளாறு தீர்ந்ததும் மற்ற வரிகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. இடைவெளிகளை ஒழுங்காக்கினார். பிடிக்காத பெயர்களை மாற்றினார். அப்படியே விட மனம் வரவில்லை.

"பல்பு மாத்தக் கூப்பிட்டா, சார் வீட்டுக்கே வெள்ளையடிச்சிட்டாரு" என்றான் மூலையிலிருந்த ஒருவன்.

"சும்மா இரு ரெங்கா" என்றாள் ஹசீனா. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

டீ வந்தது. ஆறியது.

"இங்கதாம்மா இருந்துச்சு."

"தேடுங்க சார்."

தேடினார். பெயர்களையும் மாற்றிவிட்டதால் எதைச் சொல்லித் தேடுவது என்றே தெரியவில்லை.

யாருக்காக அத்தனையும் அழகுபடுத்தினோம் என்று யோசித்தார். பதில் தெரிந்தே இருந்தது.

எல்லாவற்றையும் அழித்தார். பழைய பிரதியை எடுத்து, கழித்திருந்த அந்த ஒன்றை மட்டும் நீக்கி அனுப்பினார்.

சிவப்பில் ஒரு வரி. பச்சையில் ஒரு வரி.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

ஹசீனா ஏற்றுக்கொண்டதாக ஒரு பொத்தானை அழுத்தினாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டாள். கண் தெரியாதவர் அவர். மென்பொருள் ஒழுங்காக வாசிக்கிறதா என்று கேட்டுச் சொல்பவர்.

"தங்கவேலண்ணே, புதுசா ஒண்ணு வந்திருக்கு. எந்தக் கதை போடட்டும்? கடைசிப் பக்கம் மட்டும்."

"அந்த ஆத்துல குதிக்கிற பொண்ணு கதையப் போடு. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மனசு ஆறமாட்டேங்குது. பரவால்ல, போடு."

ஒலிபெருக்கி வாசித்தது. தங்கவேலு தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டார். தனக்குப் பழகிய இடம் வந்ததும் நிறுத்துவதற்குக் கையை நீட்டினார்.

குரல் நிற்கவில்லை. இன்னும் ஒரு வரி வாசித்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அடிப்பாவி!" என்று கத்தினார் தங்கவேலு. "பொழைச்சுக்கிட்டாளா!"