வண்டியில் கிடந்த அரிசி மூட்டை

அன்று அந்த மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள் நால்வர். பாங்காக் நகரில் அகதிகளிடையே ஊழியம் செய்துவந்த பெர்சியாள் அம்மையார். பொறியாளர் உத்தியோகத்தை உதறிவிட்டு அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நாற்பது வயது ஓபேத். இலங்கையின் வன்னியிலிருந்து தப்பிவந்து, விசாவும் வேலையும் இன்றி அந்த அறையில் காத்திருந்த சிவபாதம். அவர் மனைவி தவமலர். இவர்களை அங்கே கூட்டிய அரிசி மூட்டை மட்டும் மேலே வரவில்லை. அது கீழே வண்டியில் கிடந்தது.

முந்தைய நாள் சிவபாதம், ஓபேத் அந்த வாரம் கொடுத்த மூட்டையைத் தாமே தோளில் சுமந்துவந்து, சபைக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போயிருந்தார். ஓபேத்துக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

"அம்மா, கொடுத்ததை ஏன் திருப்பிக் கொண்டுவந்தார்? நான் ஒரு குறையும் வைக்கவில்லையே."

"அதை நீர் அறியாதவரை, இந்த ஊழியத்தை உம் கையில் விட்டுவிட்டு நான் ஊருக்குப் போக முடியாது. வண்டியை எடும்."

அம்மையாருக்குச் சுற்றிவளைத்துப் பேசும் பழக்கம் கிடையாது. இந்த ஊழியத்துக்காகவே உத்தியோகத்தைத் துறந்த ஓபேத் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிவபாதத்தின் வீட்டின் கீழே நிறுத்தி, அதைத் தூக்கக் குனிந்தார்.

"அது அங்கேயே கிடக்கட்டும்," என்றார் அம்மையார்.

"வெறுங்கையோடா போவது?"

"வெறும் வயிற்றோடும்."

மாடி ஏறினார்கள். கதவு திறந்தது. அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஓபேத் வழக்கம்போல் வாசலிலேயே நின்றார்.

"ஏன் நிற்கிறீர்?"

"நாடா கட்டிய காலணி, அம்மா. அவிழ்த்துக் கட்ட நேரமாகும். இன்னும் பல வீடுகள் இருக்கின்றன."

"அவர் உள்ளுக்கு வரமாட்டார், அம்மா," என்றார் சிவபாதம். கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். "வாசல்ல நிண்டு செபம் செய்வார். மூட்டையை வைப்பார். போயிடுவார். தபால்காரன் மாதிரி."

"தேநீர் கொடுக்கவில்லையா?"

"குடுக்காமலோ? உங்களுக்கே இல்லை, எனக்கு எதற்கு எண்டுவார். ஒவ்வொரு கிழமையும் இதே கதைதான். அவற்ற ஆண்டவர் எங்கட வீட்டுத் தேத்தண்ணி குடிக்க மாட்டாரோ?"

ஓபேத் இரக்கத்தால் சொன்ன சொல் அது. அதைத் தம் நற்குணத்துக்குச் சான்றாகவே அவர் மனத்தில் வைத்திருந்தார்.

"குடிக்க மாட்டார் என்று எவன் சொன்னான்?" அம்மையார் பாயில் சம்மணமிட்டு அமர்ந்தார். "தவமலர், எனக்குப் பசிக்கிறது. என்ன வைத்திருக்கிறாய்?"

தவமலர் கணவனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"புட்டு இருக்கு, அம்மா. தேங்காய்ப்பால் சொதியும் இருக்கு. இருங்கோ, சம்பலும் இடிக்கிறன்."

ஓபேத் குனிந்து நாடாவை அவிழ்த்தார். அம்மையாரின் அருகில் வந்து அமர்ந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அது அவர்களுடைய இராச் சாப்பாடு, அம்மா."

"எனக்கும் இரண்டு கண் உண்டு."

தட்டுகள் வந்தன. சிவபாதம் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். தாமே சொதியை ஊற்றினார், தண்ணீர் வைத்தார், விருந்தினர் முன்னால் நின்று உபசரித்தார். தம் ஊரான முள்ளியவளையில், தம் வீட்டில் கல்யாணப் பந்தி நடந்த விதத்தை விவரித்தார். குரல் அறையை நிறைத்தது. அந்த அறை அவருக்குச் சிறிதாகிப் போயிற்று.

ஓபேத் முதலில் பயந்து பயந்து உண்டார். பாதித் தட்டில் நிமிர்ந்தார்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் சொதி கிடைக்குமா?"

சிவபாதம் அகப்பையோடு அவரை உற்றுப் பார்த்தார்.

"பொறியாளருக்கு வாய் இருக்கு," என்றார். நிறைய ஊற்றினார்.

தவமலர் அம்மையாரிடம் கேட்டாள்: "அடுத்த கிழமையும் வருவீங்களோ, அம்மா?"

"நான் ஊருக்குப் போய்விடுவேன். இவர் வருவார். பசியோடு வருவார்."

ஓபேத் தலையைத் தூக்கி அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் சம்பலைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

கை கழுவியபின் ஓபேத் மெல்லச் சொன்னார்: "ஐயா, கீழே வண்டியில் ஒரு மூட்டை இருக்கிறது."

தவமலர் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

ஓபேத் எழுந்து காலணியைத் தேடினார். "நான் போய்த் தூக்கிக்கொண்டு…"

"உட்காரும், ஓபேத்," என்றார் அம்மையார். "விருந்தாளியை மூட்டை சுமக்க விடும் வீடு இதுவல்ல."

சிவபாதம் ஓபேத்தின் முன் கையை நீட்டினார். ஓபேத் வண்டிச் சாவியை அந்த உள்ளங்கையில் வைத்தார்.

சிவபாதம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூட்டையை எடுத்துவரப் படியிறங்கினார்.