இன்ஜின் ஆறும் வரை

“இந்த இன்ஜின் இன்னும் மூணு வளைவு ஏறியிருக்குமா, ஏறியிருக்காதா? அதை மட்டும் சொல்லு தாயி. அப்புறம் நீ இதைக் கழட்டு, உடை, எடைக்குப் போடு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

மொக்கச்சாமி இதைக் கேட்டது ஐந்தாவது பட்டறையில்.

பட்டறைக்காரி ஜெய்த்தூன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டிராக்டருக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்திருந்த ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

அவளுக்கு நாற்பது வயசு இருக்கும். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிற பழைய ஃபோர்வீல் ஜீப்புகளுக்கு இன்ஜின் மாற்றி வைப்பதில் அடிவாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பேச்சில்தான் கஞ்சம்.

மொக்கச்சாமிக்கு ஐம்பத்தாறு. அந்த ஜீப்பை முப்பது வருஷம் ஓட்டியவர். அது ஓடாமல் நின்று ஒரு வருஷம் எட்டு மாசம் ஆகிவிட்டது. அவர் வண்டியில் போய்க்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்கள் இன்றைக்கும் வேறொரு ஜீப்பில் நசுங்கிக்கொண்டுதான் போகிறார்கள். மாற்று இன்ஜின் எப்போதோ வாங்கியாகிவிட்டது. நீலப் படுதாவைப் போர்த்திக்கொண்டு அதுவும் அவரோடு பட்டறை பட்டறையாக அலைகிறது.

“மத்த நாலு பட்டறையில என்ன சொன்னாக?” என்றாள்.

“ஒருத்தர் ஏறியிருக்கும்னாரு. ஒருத்தர் ரெண்டாவது வளைவுலயே ஜாம் ஆயிருக்கும்னாரு. மூணாவது ஆளு சாமி கும்பிடச் சொன்னாரு. நாலாவது ஆளு, ‘யோவ், நீ இன்ஜின் மாத்த வந்தியா, குறி கேக்க வந்தியா’ன்னு வெரட்டி விட்டுட்டாரு.”

“நீங்க?”

“வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்துட்டேன். பதில் தெரியாம இதைக் கழட்ட விடமாட்டேன். நீ என்ன சொல்றே?”

“எனக்குத் தெரியாது.”

“தொழில் தெரிஞ்சவ பேசுற பேச்சா இது?”

“தெறக்காம எப்படிண்ணே தெரியும்?”

“அப்பத் தெற.”

ஜெய்த்தூன் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நீங்க தெறங்க.”



“நான் டிரைவர் தாயி. ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்ல.”

“முப்பது வருஷமா இதுக்குப் பின்னாடியே உக்காந்திருந்தீக. ஒரு நாளாச்சும் உள்ள பாத்தீகளா?”

“ஓடுற வண்டியை எதுக்குப் பாக்கணும்?”

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மொக்கச்சாமி பானட்டைத் தூக்கிக் கண்ணாடிமேல் சாய்த்தார். இன்ஜினில் கை வைக்கிறவர்கள் முதல் வேலையாகப் பானட்டைக் கழற்றி ஓரமாக வைப்பதை நாலு பட்டறையிலும் பார்த்திருந்தார். அதன் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார்.

“அது இருக்கட்டும்,” என்றாள்.

“மறைக்குமே?”

“இருக்கட்டும்ணே.”



முதல் நாள் ரேடியேட்டர் இறங்கியது.

உள்ளே மிச்சம் இருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வடிந்தது. அது வடிந்து முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

எத்தனையோ பேரிடம் சொன்ன கதை. மொக்கச்சாமிக்கு வாய்ப்பாடு மாதிரி வந்தது.

ஒச்சம்மா, அவர் சம்சாரம், தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மதியம் ரெண்டு மணி. தூக்கிவந்து ஜீப்பின் பின் சீட்டில் படுக்க வைத்தார். தோட்டம் மலைக்கு அந்தப்புறச் சரிவில்; அங்கிருந்து மெட்டு உச்சிக்கு, கணவாய்க்கு ஏற, பதிமூன்று வளைவு. பத்தாவது வளைவில் சூடு காட்டுகிற முள் சிவப்பில் போய் நின்றது. பானட் இடுக்கிலிருந்து ஆவி. நிறுத்தினார். அரை மணி நேரம் ஆறப்போட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்ற இன்ஜின் அதோடு சரி, பிறகு உயிர் பிடிக்கவில்லை. டாக்டர் ஒச்சம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

“உச்சியைத் தாண்டிட்டா அப்புறம் எறக்கம் தாயி. இன்ஜினை அணைச்சிட்டுக்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் உருட்டிக்கிட்டே போயிருப்பேன். மூணே மூணு வளைவு. நிறுத்தாமப் போயிருந்தா?”

ஜெய்த்தூன் வடிந்த தண்ணீரில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

“ஜாம் ஆயிருந்தா அங்கேயே கெடந்திருப்போம். அந்தப் பயத்துலதான் நிறுத்தினேன். ஆனா ஆகியிருக்குமா? அதைத்தானே கேக்குறேன்.”

“நாளைக்கு வாங்க,” என்றாள்.



இரண்டாம் நாள் குழாய்கள், வடிகட்டி, புகைபோகிற இரும்பு.

துருப்பிடித்த நட்டு ஒன்று சட்டென்று விட்டுக்கொடுத்ததில் மொக்கச்சாமியின் விரல் முட்டி உரிந்து ரத்தம் வந்தது. அவர் இன்ஜினைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வையுங்க, வையுங்க. அதுக்குப் பழக்கம்தான்,” என்றாள். “கதையை இன்னொரு தடவ சொல்லுங்க.”

“நேத்துத்தானே சொன்னேன்?”

“சொல்லுங்க.”

சொன்னார். அதே வளைவு, அதே முள், அதே ஆவி. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

அவள் முழுதும் கேட்டுவிட்டு, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறுக்கிப் பிடித்திருந்த பதினெட்டு போல்ட்டுகளின் தலையிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

“ஊறட்டும். நாளைக்குத் தெறந்துரலாம்.”

“தெறந்தா தெரிஞ்சிருமா?”

“பாக்கத் தெரிஞ்சவுகளுக்குத் தெரியும்.”



மூன்றாம் நாள் மொக்கச்சாமி விடிந்ததும் வந்து நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கிரீஸ் வேலைக்கு யாரும் அப்படி வருவதில்லை. ஜெய்த்தூன் சட்டையைப் பார்த்தாள்.

நீளக் கைப்பிடி வைத்த ஸ்பேனரைக் கொடுத்தாள். அவர் நேராக நடு போல்ட்டில் கொண்டுபோய் வைத்தார்.

“அங்க இல்ல. ஓரத்துல இருந்து.”

“எல்லாத்தையும் கழட்டத்தானே போறோம்?”

“ஓரத்துல இருந்து நடுவுக்கு வரணும். ஒவ்வொண்ணுக்கும் கால் சுத்து. எல்லாம் முடிஞ்சதும் மறுபடி ஓரத்துல இருந்து. நேரா நடுவுல கை வச்சு ஒண்ணை மட்டும் மொத்தமா விட்டா, ஹெட் கோணிப்போகும்.”

அவர் ஓரத்துக்குப் போனார்.

முதல் போல்ட் முனகிக்கொண்டு அசைந்தது. கால் சுற்று. எதிர் மூலையில் அடுத்தது. கால் சுற்று.

“தண்ணி எங்க எடுத்தீக?” என்றாள், வேறெங்கோ பார்த்தபடி.

“வளைவுக்குக் கீழ ஒரு ஓடை.”

“எத்தனை நடை?”

“அஞ்சு.”

“பாத்திரம்?”

“அவ சோத்துத் தூக்குவாளி. சோத்தைக் கொட்டிட்டு.” அடுத்த போல்ட்டுக்குப் போனார். “அவ அன்னிக்குச் சாப்பிடவே இல்ல.”

ஒரு சுற்று முடிந்தது. மறுபடி ஓரத்துக்கு வந்தார்.

“மழையா?”

“தூறல். பின்னாடி படுதாவை எறக்கிவிட்டிருந்தேன். நனையக்கூடாதுன்னு.”

“பானட்டு?”

“தூக்கித்தான் வச்சிருந்தேன். இப்ப இருக்கிற மாதிரி. சூடு போகணுமே.”

கால் சுற்று.

“தூக்கி வச்சா, வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமா?”

ஸ்பேனர் நின்றது.

மொக்கச்சாமி நிமிர்ந்து எதிரே பார்த்தார். எதிரே பானட்டின் அடிப்பக்கம் இருந்தது. கரியும் எண்ணெயும் படிந்த தகரம். அதற்கு அப்பால் கண்ணாடி, ஸ்டீரிங், முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் இருந்திருக்கும்.

“தெரியாது,” என்றார்.

குனிந்து, இரண்டாவது சுற்றை முடித்தார்.



மூன்றாவது சுற்றில் போல்ட்டுகள் கைக்கு வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் துணி விரித்து வரிசையாக அடுக்கினாள். பதினேழு.

இரண்டு சுற்றிலும் அசையாத நடு போல்ட் மட்டும் பாக்கி.

“அண்ணே.”

“ம்.”

“தண்ணி எடுக்கப் போன நேரம் போக, நீங்க எங்க நின்னீக?”

“இங்கதான்.”

“இங்கன்னா?”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ரேடியேட்டர் இருந்த இடத்துக்கு முன்னால், பம்பரை ஒட்டி நின்றிருந்தன இரண்டு கால்களும்.

“இங்கதான்,” என்றார் மறுபடி. “மூடியை உடனே தெறந்தா மூஞ்சியில அடிக்கும். கந்தத் துணியை நனைச்சு நனைச்சு மேல போட்டேன். விசிறினேன். அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அரை மணி நேரமுமா?”

நடு போல்ட் அசைய மறுத்தது. கைப்பிடியில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியது.

“பின்னாடி படுத்திருந்த அக்கா எதுவும் கேட்டாகளா?”

போல்ட், வெடிச்சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

மொக்கச்சாமி ஸ்பேனரை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“கேட்டா.”

ஜெய்த்தூன் ஒரு அடி கிட்டே வந்தாள்.

“‘ஆறிருச்சா’ன்னு கேட்டா.”

ரோட்டில் ஒரு ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிற்று. 

“ரெண்டு தடவ கேட்டா. ரெண்டு தடவையும் இங்க நின்னுக்கிட்டே சத்தமாச் சொன்னேன், ‘இன்னும் ஆறல’ன்னு. மூணாவது தடவ அவ கேக்கல.” அவர் நடு போல்ட்டைக் கையால் சுழற்றி எடுத்தார். “சரி, நம்மளத் தொந்தரவு பண்ண வேணாம்னு பேசாம இருக்கான்னு நெனச்சேன்.”

“இதை எந்தப் பட்டறையிலயும் சொல்லலையா?”

“யாரும் கேக்கலையே தாயி. எல்லாரும் இன்ஜினைப் பத்தித்தானே கேட்டாக.”

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்:

“நானும் அதைத்தானே கேட்டேன்.”



ஜெய்த்தூன் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை இழுத்துவந்து ஹெட்டில் கொக்கி மாட்டினாள். கடைசி போல்ட்டை அவரிடமிருந்து வாங்கி, பதினேழின் பக்கத்தில் வைத்தாள். பதினெட்டு.

“தூக்குறேன். நீங்க கேட்டது உள்ளதான் இருக்கு.”

சங்கிலி கடகடவென்று ஓடியது. ஒட்டிக்கொண்டிருந்த ஹெட் பிய்ந்து மேலே எழுந்தது. எரிந்த எண்ணெயின் வாடை பட்டறை முழுக்கப் பரவியது.

மொக்கச்சாமி குனிந்து பார்க்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. பிறகு ஜீப்பின் பக்கவாட்டைக் கையால் தடவியபடியே பின்னால் போய், படுதாவை விலக்கி உள்ளே ஏறினார்.

ஒரு வருஷம் எட்டு மாசத்தில் அவர் அந்தப் பின்பக்கத்தில் ஏறியதே இல்லை.

இரண்டு பக்கமும் நீள சீட்டு. இடது பக்க சீட்டின் ரெக்சின் ஓர் ஓரத்தில் கிழிந்து பஞ்சு தெரிந்தது. அவர் எதிர் சீட்டில் உட்காரவில்லை. இடது பக்க சீட்டின் ஓரத்தில், படுத்திருக்கிறவர்களுக்கு இடம் விட்டு உட்காருவதுபோல் ஒடுங்கி உட்கார்ந்தார்.

அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பானட்தான். முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு துணி எதையோ துடைக்கிற சத்தம்.

“அண்ணே,” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “தெரியுது. நல்லாவே தெரியுது. சொல்லட்டுமா?”

மொக்கச்சாமி, கிரீஸ் படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் காலியாக இருந்த சீட்டின்மேல் வைத்தார்.

“இன்னும் ஆறல, ஒச்சு,” என்றார்.

இந்தத் தடவை சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.