சாக்ஸ் போட்ட கருவாடு

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுத் தலையில இன்னொரு வீடு. அதுக்கும் தலையில ஒரு தண்ணி டேங்க். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வீட்டுக்காரர், பேரு ஏகாம்பரம். கீழ அவர் குடியிருந்தார். மேல யாரையும் நிம்மதியா குடியிருக்க விடாம இருந்தார்.

– ம்.

"ம்"முன்னு சொல்றே, கண்ணு மட்டும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்கே யாழி. நாளைக்கு உங்கப்பா வாடகைக்கு வீடு கேட்கப் போறான், அங்க உன் நாய் மொச்சையை விடுவாங்களா மாட்டாங்களான்னு யோசனை. அதானே? கட்டிலுக்கு அடியில பாரு, மொச்சைக்கே அந்தக் கவலை இல்லை. கர்ர்ர்... கர்ர்ர்னு தூங்குது. நீ அத்தை சொல்ற கதையைக் கேளு. இதுலயும் ஒரு நாய் வருது.

– என்ன பேரு?

கருவாடு.

– ச்சீ!

என்ன ச்சீ? குட்டியா இருக்கும்போது அது மீன் மார்க்கெட் வாசல்ல வெயில்ல காய்ஞ்சு கிடந்துச்சு. எலும்பும் தோலும்தான். அல்லின்னு ஒரு பொண்ணு, உன் வயசுதான், அதைத் தூக்கிட்டு வந்து, "அப்பா, இது கருவாடு மாதிரியே இருக்குப்பா"ன்னா. அதுவே பேராயிடுச்சு. அப்புறம் தின்னு தின்னு தலையணை மாதிரி ஆச்சு, பேரு மட்டும் மாறலை. அல்லியோட அப்பா வேம்பு ஸ்கூல் வேன் ஓட்டுறவர். அம்மா சொர்ணம் ஜாக்கெட் தைக்கிறவ. ராத்திரியானா கருவாடு பக்கத்துல படுத்தாத்தான் அல்லிக்குத் தூக்கம் வரும். அல்லியோட கால் மேல பட்டாத்தான் கருவாட்டுக்குத் தூக்கம் வரும்.

அப்போ, அவங்க குடியிருந்த வீட்டை இடிச்சுட்டு அபார்ட்மென்ட் கட்டப் போறோம், காலி பண்ணுங்கன்னுட்டாங்க. வேம்பு ஊரெல்லாம் அலைஞ்சார். ஒரு வீட்ல, "நாயா? ஊஹூம்"னு கதவைச் சாத்தினாங்க. டொம்! இன்னொரு வீட்ல நாயைப் பத்தி வாயே திறக்கலை, அதுக்குள்ள அவரையே மேலயும் கீழயும் பார்த்துட்டு, "வீடு இப்பத்தான் முடிஞ்சுதுங்க"ன்னாங்க. வாசல்ல டு-லெட் போர்டு காத்துல கிறீச் கிறீச்சுனு ஆடிட்டுத்தான் இருந்துச்சு.

சொர்ணத்தோட அண்ணன் ஒருத்தர். அவர் சொன்னார், "பேசாம அதைத் தூக்கிட்டு வந்த மார்க்கெட்லயே கொண்டு போய் விட்டுடுங்க. புள்ள ரெண்டு நாள் அழும், அப்புறம் மறந்துடும்."

– அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. மொச்சையை எங்கயாச்சும் விட்டுடலாம்னு.

தெரியும்டி. அதான் கொஞ்சம் சத்தமா சொல்லிட்டிருக்கேன். ஹால்ல படுத்திருக்கிறவனுக்கும் காது இருக்குல்ல?

பாத்தியா, குரல் குடுக்கறான். "அக்கா, அவளை ஏத்தி விடாதே"ன்னு. டேய், நான் பாட்டுக்குக் கதை சொல்றேன், நீ பாட்டுக்குத் தூங்கு.

அப்புறம், கடைசியா போனதுதான் ஏகாம்பரம் வீடு. அவர் ஏதோ ஆபீஸ்ல பெரிய வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர். ஆபீஸ் அவரை விட்டுடுச்சு, அவர்தான் ஆபீஸை விடலை. வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கால் மேல கால் போட்டு உட்கார்ந்தார். அல்லியையும் அவங்கப்பா அம்மாவையும் நிக்க வச்சார். கருவாடு மட்டும் உட்கார்ந்துச்சு.

"நாய் என்ன வகை?"

"நாட்டு நாய் சார்."

"பூர்வீகம்?"

"மீன் மார்க்கெட் பக்கம் சார்."

"அப்பா யாரு?"

வேம்பு கருவாட்டைப் பார்த்தார். கருவாடு வேம்பைப் பார்த்துச்சு. "அதுவே கேட்டதில்லை சார்"னார்.

ஏகாம்பரம் உதட்டைப் பிதுக்கினார். "வெளிநாட்டு நாய்னா யோசிக்கவே வேண்டாம். அதுங்களுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு." வெளிநாட்டு நாய் எதையும் அவர் நேர்ல பார்த்ததில்லை. காலண்டர்ல பார்த்திருக்கார்.

அப்போ அல்லி முன்னாடி வந்து, "தாத்தா, நீங்க என்ன சொன்னாலும் இது கேட்கும். நான் சொல்லிக் குடுப்பேன்"னா.

"சார்னு கூப்பிடு"ன்னார் ஏகாம்பரம். அப்புறம் மோவாயைத் தடவினார். "சரி, குடி வாங்க. ஆனா நாய்க்கு இன்னும் பர்மிஷன் குடுக்கலை. அதைப் பரீட்சை பண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்வேன். தேறலைன்னா நாய் வெளிய."

– ம்.

முதல் பரீட்சை, குரைக்கக் கூடாது. அல்லி கருவாட்டோட ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு, "குரைச்சேன்னா உன்னை அனுப்பிடுவாங்கடா"ன்னு சொன்னா. அதுக்குப் புரிஞ்சுடுச்சு. பால்காரர் வந்தார், மணியடிச்சார், ட்ரிங் ட்ரிங். கருவாடு வாயைத் திறந்துச்சு, அல்லியைப் பார்த்துச்சு, குரைப்பை க்ளக்குனு முழுங்கிடுச்சு. பக்கத்து வீட்டுப் பூனை காம்பவுண்டு சுவர் மேல வந்து உட்கார்ந்துக்கிட்டு வேணும்னே வாலை ஆட்டிச்சு. க்ளக். அதையும் முழுங்கியாச்சு. முழுங்கின குரைப்பெல்லாம் சேர்ந்து வயித்துக்குள்ள கொர்... கொர்னு உருண்டுட்டு இருந்துச்சு.

ஆனா பாரு, வேம்புக்கு ஜலதோஷம். ஹா... ஹா... ஹாஆச்சூ! ஏகாம்பரம் தடதடன்னு மாடி ஏறி வந்தார். "யாரு குரைச்சது?"

"நான்தான் சார், தும்மினேன்."

"நாயே சும்மா இருக்கு. உங்களுக்கு என்ன?"

– மொச்சை தும்மும்.

தும்மும், தும்மும். கேளு. ரெண்டாவது பரீட்சை, கவுச்சி கூடாது. "இது சுத்த சைவ வீடு"ன்னார் ஏகாம்பரம். நிஜம்தான், வீடு சைவம். அவர் இல்லை. ஞாயித்துக்கிழமையானா குடையை மடக்கி அக்குள்ல வச்சுக்கிட்டு, நாலு தெரு தள்ளி ஒரு கடையில போய் ஒரு பிடி பிடிப்பார். கையை சோப்பு போட்டுக் கழுவி, மோந்து பார்த்துட்டு, மறுபடி கழுவிட்டு வருவார். வாசல்ல வந்ததும் முகத்துல மறுபடி சைவம் வந்துடும்.

அப்போ கருவாட்டுக்குத் தட்டுல தயிர்சாதம் வந்துச்சு. மூக்கை வச்சுப் பார்த்துச்சு. தலையைத் தூக்கி, 'சரி, தொட்டுக்க என்ன?'ங்கிற மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்துச்சு. ஒண்ணும் வரலை. சளப் சளப்புனு தின்னுடுச்சு. அல்லி முகத்துக்காகத் தின்னுச்சு, தயிருக்காக இல்லை.

அதோட விட்டாரா? "அந்தப் பேரையும் மாத்துங்க. மாடிப்படியில நின்னுக்கிட்டு 'கருவாடு, கருவாடு'ன்னு கூப்பிட்டா தெருவுல என்ன நினைப்பாங்க? அப்பளம்னு கூப்பிடுங்க."

– அப்பளமா!

அப்பளம். அல்லி "அப்பளம்"னு கூப்பிட்டா அது திரும்பியே பார்க்காது. யாரையோ கூப்பிடறாங்கன்னு அதுவும் சேர்ந்து தேடும். அப்புறம் மெதுவாக் கத்துக்கிச்சு. ராத்திரி போர்வைக்குள்ள மட்டும் அல்லி அதோட காதுல "கருவாடு"ன்னு சொல்லுவா. வாலு மெத்தையில தப் தப்புனு அடிச்சுக்கும்.

ஒரு நாள் சொர்ணம் ஜன்னலையெல்லாம் சாத்திட்டு வேம்புக்கு ஒரு ஆம்லெட் போட்டா. வெங்காயம் அதிகம், முட்டை கம்மி. அதுக்கே வாசனை படியிறங்கிப் போய் ஏகாம்பரம் மூக்கைத் தட்டிச்சு. வந்துட்டார். "அப்பளம் தயிர்சாதம் சாப்பிடுது. மார்க்கெட்ல பொறந்தது! உங்களுக்கு என்னய்யா முட்டை?"

அப்புறம் மூணாவது. கருவாடு நடந்தா நகம் தரையில டிக் டிக் டிக்குனு கேட்குமில்ல? "என் தலை மேல யாரோ உட்கார்ந்து டைப் அடிக்கிற மாதிரி இருக்கு. நாய் நடக்கட்டும், நடக்கற சத்தம் மட்டும் கூடாது"ன்னுட்டார். எப்படி இருக்கு நியாயம்? அல்லி என்ன பண்ணினா, அவளோட பழைய ஸ்கூல் சாக்ஸையெல்லாம் எடுத்து, வெள்ளையில நீலக் கோடு போட்டது, நாலு காலுக்கும் மாட்டி விட்டா. கருவாடு ஒரு அடி வச்சுது. மொசைக் தரை. சர்ர்ர்ர்ருனு வழுக்கி, டொமார்னு பீரோவுல போய் முட்டிச்சு.

சிரிக்காதே. மொச்சை முழிச்சுக்கும். நாலு நாள் முட்டி முட்டித்தான் அது நடக்கப் பழகிச்சு. பஞ்சு மாதிரி. அது வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. ஒரு நாய் இருக்கற வீடுன்னே தெரியாது.

அன்னைக்குன்னு பார்த்து சொர்ணம் சுவத்துல காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிச்சா. டொக், டொக். ரெண்டே தட்டு. ஏகாம்பரம் செருப்புக்கூடப் போடாம ஓடி வந்தார். நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு, "என் சுவரு! என் சுவரு! அப்பளத்தைப் பாரும்மா. வந்ததுல இருந்து ஒரு ஆணி அடிச்சிருக்கா?"

– மொச்சையும் அடிச்சதே இல்லை அத்தை.

அதைத்தான் உங்கப்பாவை நாளைக்குப் போய் சொல்லச் சொல்லணும்.

அதுக்கப்புறம் ஏகாம்பரத்துக்கு அந்த நாய் மேல ஒரு பெருமை வந்துடுச்சு. சாயங்காலமானா கீழ கூட்டிட்டுப் போய் நாற்காலி பக்கத்துல உட்கார வச்சுக்குவார். தெருவுல போறவங்களையெல்லாம் நிறுத்தி, "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு குடித்தனம் எனக்கு வாய்ச்சதில்லை"ம்பார். அது சாக்ஸோட உட்கார்ந்து தெருவைப் பார்த்துட்டிருக்கும். தெருநாய்ங்க எல்லாம் நின்னு அதோட காலைப் பார்க்கும், ஒண்ணும் சொல்லாமப் போயிடும்.

அப்புறம் ஒரு நாள் காலையில தீர்ப்பு சொல்ல மாடிக்கு வந்தார். சொர்ணம் நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. அல்லி கருவாட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அவ நெஞ்சு அடிக்கறது நாய்க்குக் கேட்டுச்சு, நாய் நெஞ்சு அடிக்கறது அவளுக்குக் கேட்டுச்சு. டப் டப், டப் டப்.

"நாய் தேறிடுச்சு"ன்னார் ஏகாம்பரம்.

அல்லி துள்ளினா பாரு!

"இரு, இரு. நாய்க்குப் பர்மிஷன் உண்டு. உங்களுக்குத்தான் இல்லை."

"சார்?"ன்னார் வேம்பு.

"நீங்களே சொல்லுங்க. சத்தம் போடறது யாரு? நீங்க. முட்டை? நீங்க. ஆணி? நீங்க. அது ஒரு தப்பு பண்ணலையே. அதனால நாய் இங்கயே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன். நீங்க வேற இடம் பார்த்துக்குங்க."

– நாயை மட்டுமா?

நாயை மட்டும். அல்லி கருவாட்டை இன்னும் இறுக்கிக்கிட்டா. "கருவாடு எங்களோடது"ன்னா.

"கருவாடுன்னு இங்க யாரும் இல்லையேம்மா. அப்பளம்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு அவர் சங்கிலியைக் கையில எடுத்துக்கிட்டார்.

அப்போ வேம்பு பேசினார். எதிர்த்துப் பேசினார்னு நினைக்கறியா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சார், நாங்க இன்னும் கொஞ்சம் அடங்கி இருக்கோம் சார். நான் தும்மறதுன்னா வெளிய போய் தும்மிக்கறேன்"னார்.

கருவாடு அவரை அண்ணாந்து பார்த்துச்சு. எத்தனையோ தடவை அது வேம்பைப் பார்த்திருக்கு, சோத்துத் தட்டோட, வேன் சாவியோட. இப்படிக் குனிஞ்ச தலையோட பார்த்ததில்லை. வயித்துக்குள்ள கொர்... கொர்... கொர்...

லொள்!

அது பால்காரருக்கு முழுங்கினது. லொள்! அது பூனைக்கு. லொள் லொள்! தயிர்சாதத்துக்கு. லொள் லொள் லொள் லொள்! அது அப்பளங்கிற பேருக்கு. அடேயப்பா, தண்ணி டேங்க் மேல உட்கார்ந்திருந்த காக்கா எல்லாம் சடசடன்னு பறந்துடுச்சு. கீழ ஏகாம்பரத்தோட பிளாஸ்டிக் நாற்காலி தானாவே சாய்ஞ்சுடுச்சு. அவர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டார், சங்கிலி கையை விட்டு நழுவிடுச்சு.

குரைச்சு முடிச்சுட்டு, கருவாடு நிதானமா உட்கார்ந்துச்சு. பல்லால முதல் சாக்ஸை இழுத்துச்சு. கொண்டு போய் ஏகாம்பரம் காலடியில வச்சுது. அடுத்ததையும் வச்சுது. நாலையும். காலி பண்றவங்க சாவியை ஒப்படைக்கிற மாதிரி. அப்புறம் படியிறங்கிப் போச்சு. எப்படி? டிக், டிக், டிக், டிக். நல்லா கேட்கற மாதிரி. பின்னாடியே அல்லி. அவ பின்னாடி சொர்ணம். வேம்பு மட்டும் படியில ஒரு நிமிஷம் நின்னார், மூக்கை உறிஞ்சினார். ஹா... ஹா... ஹாஆஆச்சூ! உள்ளயே, நடுப்படியில நின்னு தும்மிட்டுத்தான் இறங்கினார்.

– அப்புறம் எங்க போனாங்க?

ஒரு மாவு மில்லுக்குப் பின்னாடி ஒரு வீடு இருந்துச்சு. நாள் முழுக்க கடக் கடக் கடக்னு மெஷின் ஓடும், அதனால யாரும் அங்க குடி வர்றதில்லை. மில்லு வச்சிருக்கிற அம்மாவுக்குப் புருவமெல்லாம் மாவு. சத்தத்துல எதையும் கத்தித்தான் பேசணும். அந்தம்மா கேட்டது, "நாய் கடிக்குமா?"

"கடிக்காதுங்க!"

"நீங்க?"

வேம்பு திகைச்சுப் போய், "நாங்களும் கடிக்க மாட்டோம்!"னு கத்தினார்.

"அப்ப வாங்க!"

அவ்வளவுதான் பரீட்சை. கருவாடு மில்லுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வெள்ளை வெளேர்னு வெளிய வந்துச்சு. குரைச்சுப் பார்த்துச்சு. யாருக்கும் கேட்கலை. இன்னும் நல்லா குரைச்சுது.

ஏகாம்பரம் வீடு? மேல இன்னும் காலிதான். மனுஷங்களே வேண்டாம்னு வாசல்ல, "நாய்களுக்கு மட்டும் வாடகைக்கு விடப்படும்"னு ஒரு போர்டு வச்சிருக்கார். ஊர்ல இருக்கிற நாய் எல்லாம் வந்து நின்னு மோந்து பார்க்குது. நல்லா யோசிக்குது. அப்புறம் ஒரு காலைத் தூக்கி, சர்ர்ர்ர்னு பதில் சொல்லிட்டுப் போயிடுது.

– அத்தை... நாளைக்கு அவங்க மொச்சைக்கு சாக்ஸ் போடச் சொன்னா?

சொன்னா, உங்கப்பா என்ன பண்றான்னு நாமளும் பார்ப்போம். கண்ணை மூடு.

– ம்...

இரு, இரு. ஹால்ல இருந்து மறுபடி உங்கப்பா. என்னடா?

"அக்கா, அந்த மாவு மில் வீடு நிஜமாவே எங்கயாச்சும் இருக்கா?"

காலையில போய் தேடு. நாயையும் கூட்டிட்டுப் போ, அதுக்குத்தான் மூக்கு இருக்கு. கதை வீடு மாறிப் போயாச்சு, சாவியும் குடுத்தாச்சு. யாழி தூங்கிட்டா, மொச்சையும் தூங்கிடுச்சு. நீயும் தூங்குடா.